சைலன்சர் பேசிய மாதங்கள்

வேலை செய்யும் இடத்தில் என் அப்பாவுக்கு வைத்த பெயர் சைலன்சர். அவர் லிஃப்ட் மெக்கானிக். காலையில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார், சாயங்காலம் கிரீஸ் வாசனையோடு வருவார். இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். அதற்கு மேல் கேட்டால் "வேலைதான்" என்பார்.

அம்மா அப்படியே நேர்மாறு. நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே ஒற்றை நாற்காலி போட்ட சின்ன சலூன் வைத்திருக்கிறாள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முடி வெட்டுவாள். கத்தரிக்கோலும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். "எங்க வீட்டுக்காரரு வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு பத்திரமா மூடி வச்சிருக்காரு" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குள் கொஞ்சம் வருத்தம் உண்டு. அதையும் சிரித்தே மூடிவிடுவாள்.

அப்பாவுக்கு முடி வெட்டுவதும் அவள்தான். ஒரு விடுமுறை நாளில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு பக்கம் வெட்டி முடித்து, மறுபக்கம் சீப்பை வைத்தாள். அப்பா சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார்.

"என்னங்க, சீப்பு குத்திடுச்சா?"

"இல்ல. பட்டாலே வலிக்குது."

"பட்டாலேயா?"

"தலகாணி பட்டாலும்."

அம்மா சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றிப்பொட்டில் விரலை வைத்தாள். எத்தனை தலைகளைத் தொட்ட விரல் அது. தோலுக்கு அடியில் ரத்தக்குழாய் முறுக்கின நூல் போலத் தடித்து ஓடியது. அதைத் தொட்டதும் அம்மாவின் பேச்சு நின்றது. அவள் பேச்சு நின்றதால்தான் நான் கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்தேன்.

பிறகு அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிடுங்கினாள். மென்றால் தாடை வலிக்கிறதாம். அதனால்தான் சில வாரங்களாக ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து வைத்துவிடுகிறாராம். முந்தின நாள் ஏணியில் நிற்கும்போது ஒரு கண்ணில் திரையை இறக்கினது போல இருட்டாகிவிட்டதாம்.

"அதை எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"திரும்பி வந்துடுச்சே" என்றார் அப்பா.

அம்மா மறுபக்கத்தை வெட்டவில்லை. பாதி வெட்டின தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்து, அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அங்கே இருந்த டாக்டர் அம்மாவின் வயதுக்காரர். தொப்பியைக் கழற்றியதும் தலையைப் பார்த்துச் சிரிக்கப் போனவர், நெற்றிப்பொட்டைத் தொட்டதும் சிரிப்பை நிறுத்தினார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், பிறகு எங்களுக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"தலைக்குப் போற ரத்தக்குழாய்ல வீக்கம். இதே வீக்கம் கண்ணுக்கு ரத்தம் போற குழாய்லயும் வரும். அது அடைச்சா பார்வை போயிடும். போனா திரும்பாது. எல்லா ரிசல்ட்டும் வரட்டும்னு நான் காத்திருக்கப் போறதில்ல. இப்பவே ஸ்டீராய்டு, பெரிய டோஸ்ல."

அன்றைக்கே கையில் ஊசி குத்தி மருந்தை ஏற்றினார்கள். பார்ப்பதற்குத் தண்ணீர் போலத்தான் இருந்தது. சொட்டுச் சொட்டாக இறங்கியது. மறுநாள் காலையில் நான் அவருக்காக ஆப்பிளைச் சின்னச் சின்னதாக நறுக்க ஆரம்பித்தேன். அப்பா கையை நீட்டி முழுப் பழத்தையும் வாங்கி, நறுக்கென்று கடித்தார். மென்றார். தாடையைத் தடவிப் பார்த்தார்.

"வலி எங்க போச்சு?" என்றார், நான் எடுத்து ஒளித்து வைத்ததைப் போல.

அம்மா நெற்றிப்பொட்டைத் தொட்டாள். நூல் தளர்ந்திருந்தது. அவள் தலைக்கு மேலே தொங்கிய காலி பாட்டிலைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். கையெடுத்துக் கும்பிடாததுதான் குறை.

சில நாள் கழித்து மாத்திரைக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எச்சரித்தார். "இந்த மருந்து நல்லது பண்ற அதே வேகத்துல மத்ததையும் பண்ணும். பசி எடுக்கும், தூக்கம் வராது, முகம் உப்பும், சர்க்கரை ஏறும். தோல் மெலிசாகும், தொடையில பலம் குறையும். மனசும் ஏறி இறங்கும். ஆனா என்ன ஆனாலும் நீங்களா நிறுத்தக் கூடாது. உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே தயாரிக்கிறதை விட்டுடும். திடீர்னு நிறுத்தினா ஆளே சாய்ஞ்சிடுவாரு. கொஞ்சம் கொஞ்சமா நான் குறைச்சுக் கொண்டுவர்றேன். ஒரு வருஷத்துக்கு மேலகூட ஆகும்."

"அவரால ஒரு தொந்தரவும் இருக்காது டாக்டர்" என்றாள் அம்மா. "வாயே திறக்க மாட்டாரு."

அப்பா அரைமணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. எங்களை வழியனுப்ப வந்த நர்ஸிடம், "சிஸ்டர், உங்க பெரிய லிஃப்ட் இந்த மாடியில ஒரு விரல்கடை கீழ இறங்கி நிக்குது. கட்டிலைத் தள்ளும்போது சக்கரம் இடிச்சு, படுத்திருக்கவங்களுக்குத் தூக்கிப் போடும். நான் படுத்துக்கிட்டு வந்தேன்ல, எனக்கே தூக்கிப் போட்டுச்சு. பெரிய வேலை இல்ல, யாராவது ஒருத்தர் வந்து லெவலைச் சரி பண்ணாப் போதும். சொல்லிடுங்க" என்றார்.

நர்ஸ் சரி என்றாள். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீடு வேறு வீடாயிற்று.

காலையில் நான் எழுந்து வருவதற்குள் அப்பா எல்லாக் கதவின் கீல்களுக்கும் எண்ணெய் போட்டு, மின்விசிறியைக் கழற்றித் துடைத்து, அம்மாவின் கத்தரிக்கோல்களைச் சாணை பிடித்து வரிசையாக வைத்திருப்பார். தூக்கம் கண்ணுக்குப் பக்கத்திலேயே வருவதில்லை. பசியோ சொல்லி மாளாது. குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே ஒரு முழு ரொட்டியைத் தீர்த்துவிட்டு, "என் வயித்துக்குள்ள யாரோ வாடகைக்கு வந்திருக்காங்க பாப்பா, அவங்களுக்குத்தான் போடுறேன்" என்பார். சர்க்கரை ஏறிக்கொண்டே போனதால் அம்மா ரொட்டியை சலூனில் கொண்டுபோய் வைத்துப் பூட்டினாள். அதற்குப் பதில் அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் கை எட்டும் இடமெல்லாம் இருந்தன. உப்பைக் குறைத்தாள். அவருக்கு மட்டும் குறைத்தால் முகம் சுருங்கும் என்று எங்கள் எல்லோருக்கும் குறைத்தாள். "நாக்கு செத்துப்போச்சு" என்று நான் முனகினால், "உன் நாக்கு பெருசா, அவரு கண்ணு பெருசா?" என்பாள்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு காலையிலேயே போட்டுவிட வேண்டும். உள்ளங்கையில் குட்டி வெள்ளை மாத்திரைகளைக் குவித்து வைத்துக்கொண்டு அப்பா தினமும் ஒரு கணம் பார்ப்பார். "இவ்வளவு சின்னதா இருந்துக்கிட்டு என்னா வேலை பண்ணுது பாரு" என்பார். அதில் புகார் இருக்காது. ஒரு நல்ல இயந்திரத்தைப் பார்த்த மெக்கானிக்கின் மரியாதைதான் இருக்கும்.

இவை எல்லாம் டாக்டர் சொல்லி வைத்தவை. அப்பாவின் பேச்சுக்குத்தான் நாங்கள் தயாராக இல்லை.

அவர் எனக்குப் பின்னாலேயே வந்து பேசினார். நான் பல் தேய்க்கும்போது குளியலறைக் கதவில் சாய்ந்து நின்று பேசினார். கூரியர் அலுவலகத்துக்கு நான் கிளம்பும்போது படியிறங்கி வாசல்வரை வந்து பேசினார். ஒரு நாள் காலை, லிஃப்ட் ஓடும் குழியைப் பற்றிச் சொன்னார்.

"அடியில இறங்கி நின்னு மேல பார்க்கணும் பாப்பா. கும்மிருட்டு. ஆனா ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் கீழ ஒரு கோடு வெளிச்சம் தெரியும். ஒண்ணுக்கு மேல ஒண்ணு, ஒண்ணுக்கு மேல ஒண்ணு, கண்ணுக்கு எட்டாத உயரம் வரைக்கும். யாராவது லிஃப்டுக்கு வந்து நின்னா அந்தக் கோட்டுல ரெண்டு நிழல் விழும். அவங்க கால். அந்தக் கட்டடத்துல இருக்கிற எல்லா சத்தமும் அதுக்குள்ளதான் வந்து விழும். ஒரு வீட்ல சண்டை, ஒரு வீட்ல பாட்டு, எங்கேயோ ஒரு குழந்தை முதல் தடவையா சிரிக்குது. எல்லாம் சேர்ந்து அடியில வந்து நிக்கும். லிஃப்ட் கீழ வரும்போது காத்து அப்படியே மேல ஏறும், மேல போகும்போது காத்து கீழ இறங்கும். கட்டடம் மூச்சு விடுற மாதிரி இருக்கும். எத்தனை வருஷமா அதைக் கேட்டுக்கிட்டு நின்னிருக்கேன் தெரியுமா?"

நான் பல் துலக்கியை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். நுரை சட்டையில் வழிந்தது. "ஒண்ணுமில்ல, வேலைதான்" என்று தினமும் வந்த மனிதர் இத்தனை காலமும் இதற்குள்ளிருந்துதான் வந்திருக்கிறார்.

அம்மாவிடம் அவர் சொன்னது வேறு. அவளுடைய முதல் வேலை ஒரு பெரிய கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்த சலூனில். அந்தக் கட்டடத்து லிஃப்டைச் சரிபார்க்க வந்துதான் அப்பா அவளைப் பார்த்தார். அதுவரை எனக்கும் தெரியும்.

"கெட்டே போகாத லிஃப்டை மூணு நாள் ரிப்பேர் பண்ணேன்" என்றார் அப்பா, முட்டையை உரித்துக்கொண்டே. "நீ ஒரு மஞ்சள் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, யார்கிட்டயோ பேசிச் சிரிச்சுக்கிட்டே போன. அந்தச் சிரிப்பு இன்னொரு தடவை கேக்கட்டும்னு கழட்டினதையே கழட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அம்மா கையில் கரண்டியோடு அப்படியே திரும்பினாள். கண் நிறைந்துவிட்டது. அடுத்த கணம் வேறொன்று உறைத்தது.

"ஏங்க, அப்ப அந்த மூணு நாளும் நான் ஆறு மாடி படியேறிச் செத்தேனே!"

"ஆமா. மூச்சு வாங்கிக்கிட்டு வருவ. அதுவும் நல்லா இருக்கும்."

அவள் கரண்டியை ஓங்கினாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

வாரங்கள் போகப் போக அப்பாவின் முகம் உருண்டது. கன்னம் பூரித்து, கண் சின்னதாகி, தாடைக்கோடு மறைந்தது. உடம்பு பெருக்கவில்லை, முகமும் வயிறும் மட்டும். கை கால் மெலிந்துகொண்டே வந்தது. ஒரு நாள் அவருடைய கைபேசி முகத்தைக் காட்டினால் திறக்க மறுத்தது. திருப்பித் திருப்பிக் காட்டினார். "நான்தான்டா" என்று அதனிடம் சொல்லியும் பார்த்தார். கன்னமெல்லாம் பூனைமுடி முளைத்தது. அம்மா வாரத்துக்கு ஒருமுறை அவரை நாற்காலியில் உட்கார வைத்து, பிளேடு பட்டால் மெலிந்த தோல் கிழிந்துவிடும் என்று சின்ன மெஷினால் பூப்போல வழிப்பாள். அப்பா கண்ணாடியில் தன்னையே பார்த்து, "யாரு இந்த ஆளு? வசதியான வீட்டு ஆளு மாதிரி இருக்காரே" என்பார். அம்மா சிரிப்பாள். ஆனால் வழித்து முடித்ததும் அந்தப் புது முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, பழைய முகம் எங்கே இருக்கிறது என்று தேடுவது போல ஒரு நிமிடம் பார்ப்பாள்.

இதே மருந்துதான் ஒரு மத்தியானம் அவரை வேறு ஆளாக்கியது.

சலூனில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். வழக்கமாக வருகிறவர், நல்ல மனுஷி. அப்பா உள்ளே வந்ததைப் பார்த்து, "என்ன அண்ணே, அக்கா சாப்பாடு நல்லா ஒட்டியிருக்கு போல!" என்றார். விளையாட்டுக்குத்தான். அப்பா மேசையில் இருந்த முடி உலர்த்தும் மெஷினை எடுத்து வீசினார். அது சுவரளவு கண்ணாடியின் நடுவில் பட்டது. கண்ணாடி உடைந்து விழவில்லை. நாலா பக்கமும் கீறல் ஓடி, அதில் எங்கள் எல்லோருடைய முகமும் துண்டு துண்டாகத் தெரிந்தது. அப்பா கத்தினார். என்ன கத்தினார் என்பதுகூட எனக்கு ஞாபகமில்லை. அவருக்கு அப்படி ஒரு குரல் இருந்ததுதான் ஞாபகம் இருக்கிறது. அந்த அம்மாள் கழுத்தில் துண்டோடு எழுந்து ஓடினார்.

அப்பா வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. தொடையில் பலம் இல்லை. பகல் முழுக்க ஏணியில் நின்ற மனிதர் அவர். நானும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். பிடித்த இடத்தில் விரல் அடையாளம் ஊதா நிறத்தில் கன்றியது.

மறுநாள் காலை மாத்திரைத் தட்டைத் தள்ளி வைத்தார். "வேணாம். இதைப் போட்டுக்கிட்டு நான் உங்க ரெண்டு பேர் மேலயும் எதையாவது வீசினா? நிறுத்திடறேன்."

அம்மா அவர் எதிரில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் குரலே எழும்பவில்லை.

"கண்ணாடி போனா வேற கண்ணாடி வாங்கலாம்ங்க. கண்ணு போனா?"

அப்பா மாத்திரைத் தட்டைப் பார்த்தார்.

"நேத்து கத்தினது நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன், பேசுறதுக்குத்தான எனக்கு வாய் இருக்கு. நீங்க முழுங்குங்க. மத்ததை டாக்டர்கிட்ட போய்க் கேப்போம்."

அவர் ஒவ்வொன்றாக முழுங்கினார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டர் நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டார். தூக்கத்துக்கு ஒன்று எழுதிக் கொடுத்தார். காலை மாத்திரையை இன்னும் முன்னாலேயே போடச் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் வீக்கத்தின் அளவு இறங்கியிருப்பதால் டோஸைக் குறைக்க ஆரம்பிக்கலாம் என்றார். பிறகு, "கோபம் வர்றதுக்கு முன்னாடி உடம்புல ஏதாவது தெரியுதா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா யோசித்தார். "காது சூடாகுது."

"அப்ப அதுதான் உங்களுக்கு மணி. அது அடிச்ச உடனே இடத்தை மாத்துங்க."

லிஃப்டில் ஆள் அதிகமானால் மணி அடிக்கும், யாராவது ஒருவர் இறங்கும்வரை அது நகராது. வீட்டுக்கு வந்ததும் அப்பா அதையே சட்டமாக்கினார். காது சூடானதும் "ஓவர்லோடு" என்பார். உடனே யாராவது ஒருவர் அறையை விட்டு வெளியேற வேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்வியே கிடையாது. ஒரு முறை நான் சோற்றுத் தட்டோடு மொட்டை மாடிக்குப் போனேன். இன்னொரு முறை அம்மாவே "ஓவர்லோடு!" என்று கத்திவிட்டு வெளியே போனாள். மருந்து சாப்பிடாதவர்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அப்புறம் எங்கள் வீட்டில் எதுவும் உடையவில்லை. அந்த வாடிக்கையாளரும் திரும்பி வந்தார். அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்டு, தன் கையாலேயே மாட்டின புதுக் கண்ணாடியைக் காட்டினார்.

ஆனால் டாக்டர் அன்றைக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தார். "இவ்வளவு பேசுறதும்கூட மருந்தோட வேலைதான். டோஸ் இறங்க இறங்க அதுவும் அடங்கிடும்." ஆறுதலுக்காகச் சொன்னதுதான். பஸ்ஸில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். வீட்டுக்கு வந்து சமையலறையில் என்னிடம் கிசுகிசுத்தாள்.

"அப்ப அந்த மஞ்சள் துண்டு? அதுவும் மருந்துதானா?"



அப்பாவோடு வேலை பார்ப்பவர் ஒருவர் உண்டு. ஒரு இடத்தில் நிற்க மாட்டார், அதனால் பம்பரம் என்று பெயர். அந்த வாரம் அப்பாவைப் பார்க்க வந்தார். அம்மா அவரை ஓரமாக அழைத்து, பழைய கட்டடத்தைச் சொல்லி, அந்த லிஃப்டுக்கு என்ன கோளாறு என்று கேட்டாள்.

பம்பரம் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணி, அப்ப நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. அதுல ஒரு கோளாறும் இல்ல. நான் வாயை விட்டா உதைப்பேன்னாரு சைலன்சர் அண்ணன். அவரு அன்னிக்குப் பேசின ஒரே வார்த்தை அதுதான்!"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பிறகு திடீரென்று கேட்டாள். "நீங்கள்லாம் வேலை செய்ற இடத்தை நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

பம்பரம் அனுமதி வாங்கி, ஒரு முற்பகலில் எங்கள் மூவரையும் தான் பராமரிக்கும் உயரமான கட்டடத்துக்கு அழைத்துப் போனார். லிஃப்டிலேயே கடைசி மாடி வரை போனோம். அதற்கு மேல் மெஷின் அறைக்கு ஒரு இரும்பு ஏணி. அப்பா முதல் படியில் காலை வைத்தார். உடம்பை மேலே தூக்கப் பார்த்தார். தொடை ஒத்துழைக்கவில்லை. இன்னொரு முறை பார்த்தார். பம்பரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அப்பா காலை எடுத்துக் கீழே வைத்தார். "நீ போ" என்றார் அம்மாவிடம். "நான் இங்கேர்ந்தே சொல்றேன்."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். பின்னால் நான். மேலே ஒரு வெப்பமான, சுத்தமான அறை. நடுவில் ஆளுயர மோட்டார், அதன் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம். சக்கரத்தின் மேல் எஃகுக் கயிறுகள் வரிசையாக வளைந்து, தரையில் வெட்டின ஓட்டைகள் வழியாகக் கீழே இறங்கின. எல்லாம் அசையாமல் இருந்தன. பிறகு எங்கோ கீழே யாரோ ஒரு பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும்.

டக்கென்று ஒரு சத்தம். "பிரேக் பிடியை விட்டுடுச்சு!" என்று கீழேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "இப்பப் பாரு!"

சக்கரம் சுழன்றது. கயிறுகள் ஓடத் தொடங்கின. அவ்வளவு பாரம், ஆனால் சத்தம் ஒரு நீண்ட முனகல்தான். தரை ஓட்டை வழியாகக் காற்று எழும்பி அம்மாவின் சேலை முந்தானையைத் தூக்கியது. நாங்கள் குனிந்து அந்த ஓட்டைக்குள் பார்த்தோம். கீழே இருட்டு. இருட்டுக்குள் ஒண்ணுக்கு மேல ஒண்ணாக வெளிச்சக் கோடுகள். சொன்னது சொன்னபடி இருந்தன.

"கீழ போறவங்க நிறைய பேரு" என்றது அப்பாவின் குரல். "மோட்டார் சத்தத்துலயே தெரியுது. இப்ப காத்து மேல வரும். வருதா?"

நான்தான் "வருதுப்பா" என்று கத்தினேன். அம்மாவால் முடியவில்லை. நாளெல்லாம் பேசுகிறவள், கை இரண்டையும் மார்பில் சேர்த்து வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏணியிறங்கின பிறகும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கன்றிப் போகாமல், மெதுவாக.

"எப்படி இருந்துச்சு?" என்றார் அப்பா.

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். "சைலன்சர் அண்ணிக்கு மாறிடுச்சு" என்றார் பம்பரம்.

பிறகு டோஸ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் சில நாள் அப்பாவுக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல இருக்கும். சுருண்டு படுத்துக்கொள்வார். பிறகு தெளிவார். உள்ளங்கையில் இருந்த குவியல் சிறுத்தது. பசி போய், தூக்கம் வந்தது. சர்க்கரை இறங்கியது. கண்ணாடியில் தாடைக்கோடு முதலில் நிழலாகவும் பிறகு நிஜமாகவும் திரும்பி வந்தது. கண் டாக்டரிடம் போய் எழுத்துகளைப் படித்தார். கடைசி வரி வரை படித்தார். அந்த வரி எனக்கே சரியாகத் தெரியவில்லை.

பேச்சும் குறைந்தது. அம்மாவுக்கு ஒவ்வொரு குறைப்பும் ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம். ஒரு நாள் காலைச் சாப்பாடு முழுவதும் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, நீங்க சொன்னதெல்லாம் மருந்து சொன்னதா, நீங்க சொன்னதா?"

அப்பா தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"மருந்து வாயைத்தான் குடுத்துச்சு" என்றார். "உள்ள இருந்ததை அது குடுக்கல."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு, அது போதாது என்று அவருக்கே தோன்றியதோ என்னவோ, "அந்தத் துண்டு மஞ்சள்கூட இல்ல. மஞ்சளும் வெள்ளையும் கோடு போட்டது" என்றார்.

தொடைப் பலம் முழுதாகத் திரும்ப இன்னும் நாளாகும், ஏணியும் குழியும் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், நிறுவனத்தில் அவரை அவசர அழைப்பு மேசையில் உட்கார வைத்தார்கள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அந்த மேசைக்குத்தான் மணி வரும். சைலன்சரைக் கொண்டுபோய்ப் போனில் உட்கார வைத்திருக்கிறார்களே என்று பம்பரம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

ஒரு மத்தியானம் அந்தப் பக்கம் ஒரு பார்சல் கொடுக்கப் போனவள், அவரை எட்டிப் பார்த்தேன். சின்ன அறை. மேசையில் இரண்டு போன்கள், ஒரு ஒலிபெருக்கி, ஒரு தண்ணீர் பாட்டில். அப்பா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கியில் ஒரு பெண்ணின் மூச்சு இரைந்தது.

"விழுந்துடுமா? சார், இது விழுந்துடுமா?"

"விழாதும்மா" என்றார் அப்பா. "உங்களைத் தாங்கிக்கிட்டு ஒரு கயிறு இல்ல, பல கயிறு இருக்கு. ஒவ்வொண்ணும் தனியாவே உங்களைத் தாங்கும். எங்க ஆளு கிளம்பிட்டாரு. அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன், போனை வைக்க மாட்டேன். கீழ உக்காந்துக்கோங்க. உக்காந்தாச்சா?"

"உக்காந்துட்டேன். ரொம்ப இருட்டா இருக்கு."

"கதவுக்கு அடியில பாருங்க. மெல்லிசா ஒரு கோடு வெளிச்சம் தெரியுதா?"

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "தெரியுது."

"அது வழியாத்தான் காத்து வருது. கையை வச்சுப் பாருங்க, தெரியும். இப்ப காதைக் கொடுத்துக் கேளுங்க. என்ன கேக்குது?"

"யாரோ... யாரோ பாட்டு கேக்குறாங்க. மேல."

"இன்னும்?"

"ஒரு குழந்தை. ஓடுற சத்தம்."

"அவங்க எல்லாரும் உங்களைச் சுத்தித்தான் இருக்காங்க. நீங்க தனியா இல்ல" என்றார் அப்பா. அவர் குரலில் அவசரம் இல்லை. மருந்தின் படபடப்பும் இல்லை. வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைப்பது போல இருந்தது. அவள் பயந்தால் ஒன்று சொன்னார். அமைதியானால் அவரும் பேசாமல் இருந்தார். அந்த அமைதியிலும் அவர் அங்கே இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் மூச்சு சீராகி வந்ததை நான் நின்ற இடத்திலிருந்தே கேட்டேன்.

கடைசியில் ஒலிபெருக்கியில் இரும்பு உரசும் சத்தம், பிறகு பம்பரத்தின் குரல், பிறகு அந்தப் பெண் அழுதுகொண்டே சிரிக்கும் சத்தம். "சார், வெளிய வந்துட்டேன் சார்!"

"நல்லதும்மா" என்றார் அப்பா.

அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். திரும்பியபோது என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறேன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். நான் உட்கார்ந்தேன். அடுத்த மணி அடிக்கும்வரை நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.